அரை மணித்தியாலம்

அப்பா ஐம்பத்தாறாவது வயதில் பந்தயக் கார் வாங்கினார்.

பந்தயக் கார் என்று சொன்னது பதுளை பஸார்க்காரர்கள். அப்பா ‘சுபாரு’ என்று மட்டும் சொன்னார். கடும் நீல நிறம். பொனட்டின் நடுவில் காற்றை இழுக்க ஒரு வாய் திறந்திருந்தது. பின்னால் வால் மாதிரி ஒரு பலகை. கொழும்பில் யாரோ ஒரு பணக்காரப் பையன் ஆசைக்கு வைத்திருந்து, வெளிநாடு போகும்போது விற்றதாம். அதை அப்பா ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது, சைலன்சரின் உறுமலுக்குப் பயந்து பக்கத்து வீட்டு நாய் குரைக்கவே மறந்து நின்றது.

சித்தி நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். சூடம் காட்டினாள். பிறகு இடுப்பில் கைவைத்து நின்று காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“ஏங்க, இதுல மனுசங்க ஏறுறதா, இல்ல இத மனுசங்க மேல ஏத்துறதா?”

அப்பாவின் பழைய முதலாளி இத்ரூஸ் மாமா எதிர் ஹார்ட்வெயார் கடையிலிருந்து சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

“முருகையா, இத வாங்க முந்தி தலைக்கு டை அடிச்சிருக்கணும் மச்சான். இப்ப பாக்கிறவன் கார் மகன்ட, ஓட்டுறவர் டிரைவர்னு நெனப்பான்.”

“நெனச்சா நெனச்சிட்டுப் போறான். டிரைவர்தானே நான்” என்றார் அப்பா.

அவர் சொன்னது உண்மைதான். இருபத்தேழு வருடமாக இந்த ஊரில் லொறி ஓட்டி, ஒன்று வாங்கி, பிறகு மூன்றாக்கியவர். ஆனாலும் எனக்கு அந்தக் கார் விளங்கவில்லை. நான் அறிந்தவரை அப்பா எதற்கும் ஆசைப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நானும் அவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்திருப்போம். நான் புத்தகம் வாசிப்பேன். அவர் ஒன்றும் செய்யமாட்டார். ஒரு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலம் அப்படியே போகும். ஒரு வார்த்தை இருக்காது. பள்ளிக்கூடத்தில் நாள் முழுவதும் பிள்ளைகளின் சத்தத்துக்குள் இருந்துவிட்டு வருகிறவளுக்கு அந்த மௌனம் பெரிய ஆறுதல். எங்களுக்கிடையே பேச்சு தேவைப்படவில்லை என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

கார் வந்த பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுவிட்டன. காலை பத்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். இரண்டு மணிக்கு மேல் வருவார். மூன்றாவது வாரம் காரின் அடிவயிற்றில் பெரிய கீறல். சக்கரங்களில் செம்மண்.

சித்தி என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். “விது, அந்த மண்ணு பதுள மண்ணு இல்லடி. பசறப் பக்கம் எவளாச்சும் இருக்காளா?”

“அப்பாவுக்கா? போங்க சித்தி.”

“சிரிக்காத. ஐம்பது தாண்டினா ஆம்பளைங்களுக்கு ஒரு கிறுக்கு வரும்னு எங்க அக்கா சொல்லியிருக்கா. அடுத்த வாரம் நீயும் ஏறி உக்காரு. ஏத்த மாட்டேன்னு சொன்னாருன்னா அப்ப எனக்குத் தெரிஞ்சிரும்.”

அடுத்த ஞாயிறு நான் கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். ‘பெல்ட்டப் போடு’ என்று மட்டும் சொன்னார்.

பசறை தாண்டி, நமுனுகுல ஏற்றத்தில் ஏறி, சம்பகவத்தைத் தேயிலைத் தோட்டத்தின் பெயர்ப்பலகையில் திரும்பியபோதே எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கிருந்து மேல்பிரிவுக்கு ஐந்து மைல் நீளக் கல் ரோட்டு. அவ்வளவு வேகமாக வந்த கார் அந்த ரோட்டில் நொண்டியது. பாதையின் குறுக்கே தண்ணீர் போக வெட்டியிருந்த ஒவ்வொரு வாய்க்காலிலும் அப்பா நிறுத்தி, ஒரு சக்கரத்தை இறக்கி, ஏற்றி, இன்னொன்றை இறக்கினார். விறகுக் கட்டோடு வந்த இரண்டு பெண்கள் எங்களைத் தாண்டி நடந்து போனார்கள். ஒருத்தி திரும்பிப் பார்த்து, “தள்ளி விடணுமா அண்ணே?” என்று கேட்டுவிட்டு, மற்றவளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

கொழுந்து மடுவத்தின் முன்னால் அப்பா காரைத் திருப்பி நிறுத்தினார். பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகை அது. தகரக் கூரை, நான்கு தூண், சிமெந்துத் தரை. ஞாயிறு என்பதால் யாரும் இல்லை. அவருடைய போனை எடுத்து, நேரம் பிடிக்கிற பக்கத்தைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

“நான் சொல்றப்ப அமுக்கு. ஆஸ்பத்திரி கேட்டுல நிப்பாட்டு.”

என் அம்மாவின் பெயர் விஜயலெட்சுமி. நான் பிறந்த நாளில் செத்துப்போனாள். இந்தக் கதையைத் தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். எனக்குச் சின்ன வயதிலேயே பாடமாகிவிட்டது. 1997, ஒக்டோபர். அம்மாவுக்கு லயத்திலேயே, எங்கள் வரிசை வீட்டுக் காம்பராவிலேயே பிரசவம் நடந்தது. பிள்ளை பிறந்துவிட்டது, இரத்தம் நிற்கவில்லை. தோட்டத்தில் அப்போது இருந்த ஒரே வாகனம் கொழுந்து லொறி. அப்பா அதன் டிரைவர். பக்கத்துக் காம்பராவில் இருந்த நல்லம்மா அத்தை மடுவத்துக்கு ஓடி வந்து சொன்னபோது அந்தி நிறுவை நடந்துகொண்டிருந்தது. நிறுவையைப் பார்க்கிற உத்தியோகத்தர் வைரவநாதன் ஐயா, கொழுந்தை நிறுத்து முடியாமல் லொறி அசையக்கூடாது என்று சொல்லிவிட்டார். நாற்பது நிமிடம் போனது. பிறகுதான் அப்பா லொறியை லயத்துக்கு விட்டு, கொழுந்து மூட்டைகளுக்கு மேல் அம்மாவைப் படுக்கவைத்துக் கொண்டு போனார். மடுவத்திலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குத் தொண்ணூற்றைந்து நிமிடம். வார்டு டொக்டர் பார்த்துவிட்டு, அரை மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம்.

தோட்டம் பொங்கியது. ஐந்து நாள் யாரும் வேலைக்குப் போகவில்லை. ஐயாவை மாற்றினார்கள். நோயாளிகளுக்கென்று ஒரு வேன் வந்தது. அந்த வேன் பழுதாகி அடுத்த வேன் வந்து, அதுவும் பழசாகிவிட்டது. இன்றைக்கும் அதற்கு அங்கே ‘விசயா வேன்’ என்றுதான் பெயர்.

“அமுக்கு” என்றார் அப்பா.

அன்று எழுபத்து மூன்று நிமிடம் ஆனது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே காரை ஓரம் கட்டி, போனை வாங்கிப் பார்த்துவிட்டு இன்ஜினை நிறுத்தினார். கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

“அன்னிக்குத் தொண்ணூத்தஞ்சு” என்றார். “இது அறுபத்தஞ்சுல வரணும்.”

எனக்கு விளங்கியது. தொண்ணூற்றைந்தில் முப்பது போனால் அறுபத்தைந்து. டொக்டர் சொன்ன அரை மணித்தியாலத்தை அப்பா ரோட்டில் தேடுகிறார். நல்ல வாகனம் ஒன்று இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று தன் கண்ணால் பார்க்கவேண்டும் அவருக்கு. அதற்காகத்தான் இந்தக் கார். மற்ற ஆண்கள் இந்த வயதில் எதை வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என் அப்பா இதற்கு வாங்கினார்.

சித்தியிடம் அன்று இரவு, “யாரும் இல்ல சித்தி. அம்மாதான்” என்றேன். அவள் தேங்காய் திருவுவதை நிறுத்தினாள். “அவளோட நான் என்னத்தச் சண்ட போட” என்று சொல்லிவிட்டு மறுபடி திருவினாள். நான் சிரித்தேன். பிறகு இரண்டு பேருமே ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

நான் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். அவரோடு சேர்ந்து அம்மாவுக்காக ஏதோ செய்கிறேன் என்ற எண்ணம் எனக்கு. எழுபத்தொன்று. எழுபது. மறுபடி எழுபத்திரண்டு, அன்று பசறை டவுனில் ஒரு பூப்புனித நீராட்டு ஊர்வலம் குறுக்கே வந்தது. கல் ரோட்டில் போகிற நேரத்தை ஒன்றும் செய்யமுடியவில்லை. அங்கே லொறியே இந்தக் காரைவிட வேகமாகப் போயிருக்கும். அங்கே இழப்பதையெல்லாம் அப்பா தார் ரோட்டில் பிடிக்கப் பார்த்தார். வளைவுகளில் டயர் கத்தியது. நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு, எதிரே வருகிறவனுக்கு நல்ல புத்தி கொடு என்று வேண்டிக்கொண்டே இருப்பேன். என் பக்கம் இருக்கிறவரைப் பற்றி வேண்ட எனக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிறு நல்லம்மா அத்தை மடுவத்தருகே எங்களைப் பிடித்துக்கொண்டாள். அறுபத்தைந்து வயது. பென்சன் எடுத்துவிட்டாள். வாய் மட்டும் இன்னும் வேலையில் இருந்தது.

“ஏன் முருகையா, கிழமைக்குக் கிழம வந்து மடுவத்தப் பாத்துட்டுப் போறியே. நிறுக்க ஆளு வேணுமின்னா சொல்லு, நான் இருக்கேன்.” காரைச் சுற்றி வந்தாள். “அம்மாடி, தவள மாதிரியே தரையோட ஒட்டிக்கிட்டு. இதுல ஏறி எறங்க எனக்கு ரெண்டு ஆளு வேணும்.”

காம்பராவுக்குக் கூட்டிப்போய்த் தேநீர் தந்தாள். பேச்சு வழக்கம்போல அங்கேயே போய்ச் சேர்ந்தது.

“இந்தப் புள்ளய நான்தான் துணியில சுத்தி மடியில வச்சிருந்தேன், லொறியில. பச்சக் கொழுந்து மேல அவ கெடக்கா. அந்த வைரவநாதன் மட்டும் அன்னிக்கு மனுசனா இருந்திருந்தா…” அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “அந்த ஆளு பொண்டாட்டி புள்ளைங்க விளங்குமா? விளங்காது.”

“விடுங்கக்கா” என்றார் அப்பா.

“என்னத்த விட? நீ நல்லவன், விடுவ. நான் விடமாட்டேன். சாகுற வரைக்கும் அவனத் திட்டிட்டுத்தான் சாவேன்.”

அப்பா பாதித் தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். நான் வரும்போது காரை எடுத்து மடுவத்தின் முன்னால் நிறுத்தியிருந்தார். போன் என் இருக்கையில் கிடந்தது.

அன்றைக்கு அவர் ஓட்டியதைப் போல நான் பார்த்ததில்லை. வாய்க்கால்களில் நிறுத்தவில்லை. அடியில் கல் இடித்து இடித்து ஒவ்வொரு இடியும் என் முதுகெலும்பில் ஏறியது. தார் ரோட்டில் ஏறியபோது முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு நேரம் கையில் இருந்தது. நான் அதைச் சொல்லியிருக்கக்கூடாது.

“நாலு நிமிசம் முந்தி இருக்கோம்ப்பா.”

பசறைக்கு மேலே ஒரு வளைவில் பஸ் வந்தது. ரோட்டின் முழு அகலத்துக்கும் வந்தது. அப்பா பிரேக்கை மிதித்து இடதுபக்கம் ஒடித்தார். கார் பக்கவாட்டில் வழுக்கிப்போய், முன்சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, என் பக்கக் கண்ணாடி மண்திட்டில் உரசி நின்றது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் அப்பாவின் வயதைப் பற்றி ஏதோ கத்திவிட்டுப் போனான். பஸ்ஸின் கடைசி இருக்கையில் இருந்த ஒரு குழந்தை எங்களுக்குக் கை காட்டியது.

பிறகு சத்தம் எதுவும் இல்லை. என் கையில் போன் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது.

“நிப்பாட்டு” என்றார் அப்பா.

நிறுத்தினேன்.

திட்டிலிருந்து மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கூரையில் உதிர்ந்தது. அவர் பேசமாட்டார் என்று நினைத்து, இறங்கி யாரையாவது கூப்பிடலாமா என்று யோசித்தேன்.

“இந்த ரோட்டுல அது இல்ல, விது.”

“எது?”

“அந்த அர மணித்தியாலம். எத வாங்கி ஓட்டினாலும் இந்த ரோட்டுல அது கெடைக்காது. அது மடுவத்துலதான் இருந்துச்சு.”

“அது தெரிஞ்சதுதானேப்பா. ஐயா லொறிய விடல.”

அப்பா கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

“நான் கேக்கல” என்றார்.

நான் அந்த இரண்டு சொல்லையும் சரியாகக் கேட்டேன். ஆனாலும், “என்ன?” என்றேன்.

“நல்லம்மாக்கா ஓடி வந்து எங்கிட்ட சொன்னிச்சு. சொல்லிட்டுத் திரும்பி ஓடிருச்சு, ஒங்கம்மாகிட்ட. ஐயா நின்னுக்கிட்டு இருந்தாரு. நான் அவருகிட்ட போகல. வாயத் தொறக்கல. நான் அப்ப நெரந்தரம் இல்ல, பதிலுக்கு ஓட்டுறவன். எனக்கு முந்தி இருந்தவன் கேக்காம லொறிய எடுத்தான்னு நிப்பாட்டிட்டாங்க. இன்னும் ஒரு மாசத்துல என்ன நெரந்தரமாக்குறோம்னு சொல்லியிருந்தாங்க. நிறுவ நேரத்துல ஐயாகிட்ட யாரும் பேச மாட்டோம். அவரா கேட்டாத்தான் பேசுவோம். அவரு என்னப் பாத்து ‘என்னடா’ன்னு கேப்பாருன்னு நின்னேன். கேக்கல. புள்ள பொறந்தா ரத்தம் போகுந்தானே, எல்லாருக்கும் போகுந்தானேன்னு நெனச்சேன். கடசித் தட்டு எறங்குற வரைக்கும் நின்னேன்.”

அவர் மூச்சு விட்டுக்கொண்டார்.

“அப்புறம் கேக்காமலேதான் எடுத்தேன். பேக்டரிக்குப் போகாம நேரா லயத்துக்கு விட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல. அந்தக் கொழுந்து பூரா ஆஸ்பத்திரி வாசல்ல கெடந்து கருகிருச்சு. அதுக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல.”

“அப்ப ஐயா…”

“சாவு வீட்டுல எல்லாரும் கேட்டாங்க, ஏன் இவ்வளவு நேரம்னு. ‘ஐயா விடல’ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு தடவ. மிச்சமெல்லாம் அவங்களாவே சொல்லிக்கிட்டாங்க.”

நான் கதவைத் திறக்கப் பார்த்தேன். மண்திட்டு விடவில்லை. அவர் பக்கம் ஏறித் தாண்டி இறங்க மனம் வரவில்லை. அப்படியே இருந்தேன். அவர் இறங்கினார். வீதியோரம் நின்று, போகிறவர்களைக் கும்பிட்டு, நான்கு பேரைக் கூட்டி வந்து காரைத் தூக்கி ரோட்டில் வைத்தார். அவர்களில் ஒருவர், “நல்ல வண்டிண்ணே, மெதுவா ஓட்டுங்க” என்றார்.

அதன்பிறகு மூன்று வாரம் நான் அப்பாவோடு பேசவில்லை. வெளியே பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. நாங்கள் எப்போதும் அப்படித்தானே இருந்தோம். சோறு போட்டால் சாப்பிட்டார். படியில் வந்து உட்கார்ந்தார். நான் உள்ளே அறையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு வருடமும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் நிம்மதி என்று எண்ணியதுக்குள் இவர் இதைத்தான் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஐந்து நாள் வேலைநிறுத்தம். ஒரு மனிதனின் பெயர். நல்லம்மா அத்தையின் சாபம். என் பிறந்தநாள் ஒவ்வொன்றும்.

கோபத்தைவிடப் பெரிதாக ஒன்று என்னைத் தின்றது. அவர் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியவில்லை. அது தெரிந்தால் அவரை வெறுக்கலாம், அல்லது மன்னிக்கலாம். இரண்டும் முடியாமல் இருந்தது.

நாலாவது சனிக்கிழமை காலை, அவர் லொறிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்றேன்.

“அந்த ஐயா உயிரோட இருக்காரா?”

அப்பா கையைத் துடைத்தார். “அப்புத்தளையில இருக்காரு. ஸ்டேசனுக்குக் கீழ. மகளோட.”

எவ்வளவு காலமாக அது அவருக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. யோசிக்காமல் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

“நாளைக்குப் போவோம்” என்றேன்.

பண்டாரவளை தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. அப்பா விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு முச்சக்கர வண்டியின் பின்னாலேயே, அதை முந்தாமல் அப்புத்தளை வரை போனார். ஸ்டேசனுக்குக் கீழே படியிறங்கிப் போகிற சின்ன வீடு. ஐயாவின் மகள் கதவைத் திறந்தாள். அப்பா தன் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. ஆனாலும் உள்ளே விட்டாள்.

வைரவநாதன் ஐயா நாற்காலியில் கம்பளிச் சால்வையோடு இருந்தார். எண்பது தாண்டியிருக்கும். கண் மட்டும் கூர்மையாக இருந்தது.

“முருகையாவா? உக்காரு.”

“இருக்கட்டுங்க ஐயா” என்று அப்பா நின்றார். மூன்று லொறியும் ஒரு சுபாருவும் வைத்திருக்கிற மனிதர், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

“இது யாரு?”

“மகளுங்க. அந்தப் புள்ள.”

ஐயா என்னை நீண்ட நேரம் பார்த்தார். அவருடைய மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. அப்பா வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். வெளியே ஒரு ரயில் வந்து, நின்று, போனது. அவர் திறக்கவில்லை.

“அப்பா உங்ககிட்ட அன்னிக்கு லொறியக் கேக்கவே இல்லயாம்” என்றேன் நான். “கேட்டு நீங்க விடலன்னு சொன்னது பொய்யாம். அதச் சொல்லத்தான் வந்தோம்.”

“தெரியும் மகள். எங்கிட்ட கேக்காதது எனக்குத் தெரியாதா?”

வாசலருகே நின்ற அவருடைய மகள், “அப்பா இத இருபத்தேழு வருசமா எங்ககிட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாரு” என்றாள். “நாங்களே நம்பல.” அவள் உள்ளே போய்விட்டாள்.

ஐயா சால்வையைச் சரிசெய்தார்.

“அப்ப தோட்டத்துல வச்ச விசாரணையில ரெண்டு விசயம் சொன்னேன். முருகையா எங்கிட்ட கேக்கலன்னு சொன்னேன். அது உண்ம. அவன் பொண்டாட்டிக்கு முடியாதது எனக்குத் தெரியவே தெரியாதுன்னும் சொன்னேன்.” அப்பாவைப் பார்த்தார். “அது உண்ம இல்ல.”

அப்பா தலை நிமிர்ந்தார்.

“அந்தப் பொம்பள ஓடி வந்து சொன்னது எனக்கும் கேட்டுச்சு. காது அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. இவன் வந்து கேப்பான்னு பாத்தேன். கேட்டா யோசிக்கலாம்னு நின்னேன். வேலக்காரன் வாயத் தொறக்காம நான் எப்படி நானாப் போய் ‘லொறிய எடுத்துக்கிட்டுப் போ’ன்னு சொல்றது? அப்படி ஒரு பழக்கம் எங்களுக்கு இல்ல. இவன் நின்னான். நானும் நின்னேன். நிறுவ போய்க்கிட்டே இருந்துச்சு.”

“எவ்வளவு தூரத்துல நின்னீங்க ரெண்டு பேரும்?” என்று கேட்டேன்.

“நடுவுல தராசு இருந்துச்சு.”

“கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?”

அவர் பதில் சொல்ல முயன்றார் என்பதை நான் ஒப்புக்கொள்ளவேண்டும். உதடுகள் அசைந்தன. விட்டிருப்பேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தன்னை நல்லவனாக்கிக் கொண்டிருக்கலாம். விட்டிருக்கமாட்டேன் என்றால் அப்பாவைக் காப்பாற்றியிருக்கலாம். எங்களைச் சமாதானப்படுத்தி அனுப்ப இரண்டில் ஏதாவது ஒரு பொய் போதும்.

“தெரியல மகள்” என்றார். “பேக்டரியில இருந்து ஆள் மேல ஆள் அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. தெரியல.”

எழுந்து வெளியே வந்தேன். மூடுபனியில் ஸ்டேசன் கூரை மட்டும் தெரிந்தது. இரத்தம் போய்க்கொண்டிருந்த ஒருத்தி. அவளுக்காகப் பேசவேண்டிய இரண்டு ஆண்கள். இரண்டு பேரும் மற்றவன் முதலில் பேசட்டும் என்று நாற்பது நிமிடம் நின்றிருக்கிறார்கள். ஒருவரும் கெட்டவர் இல்லை. யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இன்று லேசாக இருந்திருக்கும்.

உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேன். நான் விட்டுப்போன மாதிரியே இருந்தார்கள். ஒருவர் நாற்காலியில். ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு. தேநீரில் ஆடை படிந்திருந்தது.

“பேசுங்கப்பா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

“இப்பவாச்சும் பேசுங்க.”

அப்பா கட்டியிருந்த கைகளை எடுத்தார். அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கத்தில் தொங்கவிட்டார். ஐயாவைப் பார்த்து, ஒரு அடி முன்னால் வைத்தார்.

“ஐயா” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. மிகவும் சின்ன வயதுக் குரல். “பொண்டாட்டிக்கு முடியலீங்க. லொறியக் கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போகவாங்க?”

ஐயா வாய் திறந்ததை நான் பார்த்தேன். வலது கையை மட்டும் கம்பளிக்கு வெளியே எடுத்து, வாசல் பக்கமாக, போ, போ என்று அசைத்தார். அப்பா அசையவில்லை. அந்தக் கை வெகுநேரம் அப்படியே அசைந்துகொண்டிருந்தது.